முதல் தொகையும் மூன்றாம் மாதமும்

(கோவையில் மேலாண்மை பயிலும் பல்கலைக்கழக மாணவர்களிடையே வார்ப்படத் தொழில் நடத்தும் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டுத் தொழில் கதைகளில் இரண்டு தொகைகள் ரொம்பப் பிரபலம். ஒன்று 13,000 ரூபாய். 1970-இல் ஆர்.ஜி. சந்திரமோகன் சென்னை இராயபுரத்தில் ஒரு சின்ன வாடகை இடத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தபோது கையில் வைத்திருந்தது. அது அருண் ஐஸ்கிரீம் ஆகி, பிறகு ஹட்சன் ஆனது. இன்னொன்று 15,000 ரூபாய். 1983-இல் கடலூர் சி.கே. ரங்கநாதன் சகோதரர்களின் தொழிலை விட்டு வெளியே வந்து சிக் ஷாம்பு தொடங்கியபோது இருந்தது. அது பிற்பாடு கெவின்கேர் ஆனது. இந்த இரண்டு தொகைகளையும் உங்களுக்கு யாராவது ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். குறித்தும் வைத்திருப்பீர்கள்.

காதில் விழும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை மாதிரிதான் இருக்கிறது. தங்கத்தில் வைத்துப் பாருங்கள். 1970-இல் பத்து கிராம் தங்கம் சுமார் 184 ரூபாய். பவுன் 150 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆக, 13,000 ரூபாய் என்பது எண்பது பவுனுக்கு மேல். 1983-இல் பத்து கிராம் சுமார் 1,800 ரூபாய். 15,000 ரூபாய்க்குப் பத்துப் பவுன் வாங்கலாம், அவ்வளவுதான். ஒருவர் எண்பது பவுனோடு இறங்கினார், இன்னொருவர் பத்துப் பவுனோடு இறங்கினார். முன்னவர் பணம் குடும்பச் சொத்தை விற்று வந்தது, பின்னவருடையது சேமிப்பு. இருவரும் பெரிய காரியம் செய்தவர்கள், அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால், முதல் தொகையை மட்டும் கேட்டுவிட்டுக் கைதட்டுகிற நமக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை இந்தச் சின்னக் கணக்கே காட்டிவிடுகிறது.

என்னை இங்கே அழைத்தது தொழில்வாழ்க்கையில் கற்ற பாடங்களைச் சொல்வதற்காக. என்னைவிடப் பெரியவர்கள் இதே மேடையில் பேசியிருக்கிறார்கள், இனியும் பேசுவார்கள். எனவே நான் வேறு ஒரு காரியம் செய்யலாம் என்று வந்திருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் மேடை ஏறிப் பேசும்போது அதை எப்படிக் கேட்பது என்று சொல்லப் போகிறேன். இது கொஞ்சம் குலத் துரோகம்தான். உணவு இடைவேளைக்கு முன்பே என்னை அனுப்பிவிடாதீர்கள்.

மேடையில் முதல் தொகை வரும், முடிவில் இன்றைய விற்றுமுதல் வரும். நடுவில் துணிச்சல், விடாமுயற்சி, அம்மாவின் ஆசீர்வாதம் எல்லாம் வரும். வராதது மூன்றாம் மாதம். கையிலிருந்த பணம் தீர்ந்து, விற்ற சரக்குக்குக் காசு வராமல், சனிக்கிழமை சம்பளம் போட வேண்டியிருக்கும் அந்த மூன்றாம் மாதம். எங்களில் ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். தாண்டியது எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. யாரோ ஒருவர் தனக்கு வர வேண்டிய பணத்துக்காகப் பொறுத்திருந்தார், அதனால் தாண்டினோம். அந்த ஆள் யார் என்று கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி இதை விரித்துப் பேசுகிறேன்.

ரங்கநாதனிடமிருந்தே தொடங்கலாம். அவர் தகப்பனார் சின்னி கிருஷ்ணன் ஒரு விசித்திரமான மனிதர். டின்னில் மட்டுமே விற்றுக்கொண்டிருந்த டால்கம் பவுடரையும், எப்சம் உப்பையும் கூலிக்காரர் வாங்குகிற அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் போட்டு விற்றுப் பார்த்தவர். சாஷே என்று நாம் இன்று சொல்லும் பாக்கெட் அந்த வீட்டில் பிறந்த யோசனை. கண்டுபிடிக்கத் தெரிந்த அளவுக்கு அப்பாவுக்கு விற்கத் தெரியவில்லை என்று மகனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன்மார் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். தம்பி பிரிந்து வந்து அதே வியாபாரத்தில் அவர்களுக்கே போட்டியாக இறங்கினார், அப்பா பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சிக் என்று பேர் வைத்தார். இதில் பதினைந்தாயிரம் எங்கே வருகிறது? பாக்கெட்டை எப்படி ஒட்டுவது, சரக்கை யாரிடம் வாங்குவது, எந்தக் கடைக்காரர் எதற்கு மடிவார் என்பதெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்திருந்தது. அந்த முதலுக்கு யாரும் மதிப்புப் போடுவதில்லை.

அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வங்கிக் கடன் கேட்டு அலைகிறார். ஈடு வைக்க ஒன்றும் இல்லை. மூன்று வருடம் போல யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு வங்கி அதிகாரி 25,000 ரூபாய் கொடுக்கச் சிபாரிசு செய்கிறார். காரணம் என்ன தெரியுமா? இந்தச் சிறு நிறுவனம் வருமான வரி கட்டுகிறது! ஈடு இல்லாதவனுக்கு வரிச் சலானே ஈடாக நின்றது. காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அவர் அறிவித்த திட்டத்தைப் பற்றி உங்கள் பாடப் புத்தகங்களில் வரும். எந்தக் கம்பெனிப் பாக்கெட் ஆனாலும் சரி என்று முதலில் சொல்லி, ஆள் பழகிய பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் என்று மாற்றியது நல்ல தந்திரம். சொல்லத் தகுந்ததுதான். என்னைக் கேட்டால் அந்த வரிச் சலானுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குவேன்.

நம்ம ஊர் ஜி.டி. நாயுடு கதையிலும் அப்படி நம்பிக் கொடுத்த ஒருவர் உண்டு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார், அவரே டிரைவர். அந்த பஸ் கைக்கு வர உதவியவர் கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை. நாயுடுவின் மூளைக்கு ஈடு இல்லை, சரி. அந்த மூளையை நம்பி ஒருவர் பணத்தை நீட்டினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

இப்போது சிவகாசிக்குப் போகலாம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1922-இல் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிறார்கள், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஊரில் வேறு பிழைப்பு இல்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து தொழில் தொடங்குகிறார்கள். ஜெர்மனி இயந்திரங்களை வரவழைத்து நடத்திப் பார்க்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை. இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுக் கையால் செய்யும் முறைக்கு மாறுகிறார்கள். 1926-இல் இருவரும் பிரிந்து தனித்தனியே தொழில் செய்கிறார்கள். அணில் மார்க் ஒருவருடையது, காக்கா மார்க் இன்னொருவருடையது. தீப்பெட்டியிலிருந்து பட்டாசு வந்தது, லேபிள் அச்சடிக்க வேண்டியிருந்ததால் அச்சகங்கள் வந்தன, அச்சகங்களிலிருந்து காலண்டர் வந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் பூர்விகம் ஒரு தீப்பெட்டி லேபிள்.

மேடைக்கு ஏற்ற கதை. இரண்டு இளைஞர்கள், ஒரு ரயில் பயணம், ஒரு நகரம். ஆனால் அந்த இருவரும் ரயில் ஏறியபோது அவர்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். அவர்களுடைய நாடார் சமூகத்து வியாபாரிகள் தலைமுறைகளாக மகமை என்று ஒன்று கட்டி வந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலிருந்து ஒரு பங்கு பொது நிதிக்குப் போகும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், பேட்டை கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889-இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பெண்கள் தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்ற பணமும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. காமராசர் படித்தது அங்கேதான். 1921-இல், அதாவது அந்தக் கல்கத்தாப் பயணத்துக்கு முந்தின வருடம், தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்குகிறது. இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்கிறோமே, அது. பள்ளிக்கூடம், பேட்டை, வங்கி, உறவின்முறை, எல்லாம் தயாராக இருந்த இடத்தில் இரண்டு துணிச்சல்காரர்கள் முளைத்தார்கள். ஊர் முழுக்க அவர்களுக்காகப் பொறுத்திருந்தது என்று நான் இதைப் படிக்கிறேன்.

இதை ஒளித்துப் பேசுவதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் தொழிற்கடன் என்பது நீண்ட காலம் சாதிக்குள்ளேயே சுற்றிய விஷயம். நகரத்தார் கடைகளில் பெட்டியடியில் உட்கார்ந்த பையன், அடுத்தாளாகி, ஏஜெண்டாகி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருடக் கணக்குக்குப் போய்வந்தது சொந்தச் சமூகத்து நம்பிக்கையின் பேரில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தொழிலாளியாக நுழைந்தவர் முதலாளி ஆனதற்கும் பின்னால் உறவுமுறை, ஊர்ப் பழக்கம், விவசாயப் பணம் எல்லாம் இருந்தது. அப்படி ஒரு கதவு இல்லாத வீட்டில் பிறந்த மாணவர் இந்த அரங்கத்தில் கட்டாயம் இருப்பார். அவரிடம் ஒருவர் வந்து, ‘நான் ஒன்றுமில்லாமல் தொடங்கினேன், நீயும் தொடங்கு’ என்று சொன்னால் அது அரை உண்மை. அரை உண்மையை நம்பி வீட்டை அடகு வைத்துவிடாதீர்கள்.

சிவகாசிக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. கையால் செய்யும் முறை கட்டுப்படியானதற்கு ஒரு காரணம், அந்தக் கைகளில் பல குழந்தைகளுடையவை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி தொடர்பான வழக்கில் தீர்ப்புச் சொல்லி, குழந்தைகளை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. தொழில் வரலாற்றைச் சொல்லும்போது முதலாளியின் பட்டினியைச் சொல்லுகிற நாங்கள் இதைச் சொல்வதில்லை. யார் பொறுத்திருந்தார் என்று கேட்டால் இதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

சரி, எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். என் தொழில் பவுண்டரி. பம்ப்செட் கம்பெனிகளுக்கும் டெக்ஸ்டைல் மெஷினரிக்காரர்களுக்கும் வார்ப்படம் ஊற்றிக் கொடுக்கிறோம். பிக் அயர்னும் ஸ்கிராப்பும் வாங்கி, உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, தேய்த்து அனுப்புவது. கோவையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பவுண்டரியோ லேத்துப் பட்டறையோ இருக்கும், அந்த மாதிரி ஒன்று. போர்டில் ஒரு கணக்குப் போடப் போகிறேன். இது என் கம்பெனிக் கணக்கு இல்லை, விளங்குவதற்காக எண்களை உருண்டையாக வைத்திருக்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், என் பேச்சில் எழுத வேண்டியது இது ஒன்றுதான்.

மாதம் 10 லட்ச ரூபாய்க்கு விற்பனை. மூலப்பொருள் 5 லட்சம், ஒரு மாதத் தவணையில் வாங்குகிறோம். கூலி, கரண்ட், வாடகை 4 லட்சம், இது அந்தந்த மாதமே போக வேண்டியது. லாபம் 1 லட்சம். பத்து சதவீதம், நல்ல தொழில் என்பீர்கள். வாடிக்கையாளர் 90 நாளில் பணம் தருவார். முதல் மாதச் சரக்குக்கு மாதக் கடைசியில் பில் போட்டால் நாலாம் மாதக் கடைசியில் 10 லட்சம் வரும். அதுவரை வெளியே போனது எவ்வளவு? கூலியும் மற்றதும் நாலு மாதத்துக்கு 16 லட்சம். மூலப்பொருளில் முதல் மூன்று மாதக் கொள்முதலுக்கு 15 லட்சம் கொடுத்தாகிவிட்டது. மொத்தம் 31 லட்சம். லாப நஷ்டக் கணக்கில் 4 லட்சம் லாபம் காட்டுகிற நிறுவனத்தின் கையில் 31 லட்சம் குறைகிறது. ஜிஎஸ்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. பில் போட்டுவிட்டால், பார்ட்டி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அடுத்த மாதம் 20-ஆம் தேதி வரியைக் கட்டியாக வேண்டும்.

இப்போது ஒரு சந்தோஷச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் இரண்டு மடங்கு. வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள். 31 லட்சம் இப்போது 62 லட்சம் ஆகிறது. ஆர்டர் இல்லாமல் மூடின பட்டறையைவிட ஆர்டர் வந்து மூடின பட்டறைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ‘நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு, என்னாச்சு?’ என்பார்கள். நன்றாக ஓடியதுதான் ஆனது.

இந்த 31 லட்சத்தை யார் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. வங்கி கொஞ்சம் தரும், ஈடு இருந்தால். நகை கொஞ்சம் போடும். நகை என்றால் யாருடைய நகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மேடையில் மனைவிக்கு நன்றி சொல்லும்போது தொழில்முனைவோர் குரல் தழுதழுப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். மிச்சத்தைப் போடுவது சப்ளையர். எனக்கு ஸ்கிராப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். பணம் கேட்டுப் போன் பண்ணமாட்டார். நானே கூச்சப்பட்டுக் கூப்பிட்டால், ‘வர்றப்பக் குடுங்க, ஓடியா போயிருவீங்க?’ என்பார். அவருக்கும் ஒரு மூன்றாம் மாதம் இருந்திருக்கும். அதை அவர் எப்படித் தள்ளினாரோ. என் கம்பெனியின் முதல் முதலீட்டாளர் அவர்தான். பங்கும் கேட்கவில்லை, வட்டியும் கேட்கவில்லை. எந்த மேடையிலும் அவர் பேசப் போவதில்லை.

ஆனால், பணம் வர வேண்டிய பக்கம் இருக்கிறதே, அங்கே பேச்சு வேறு மாதிரி. ‘பில் இன்னும் பாஸ் ஆகலைங்க.’ ‘ஜிஆர்என் போடலை.’ ‘குவாலிட்டில ஹோல்டு போட்டிருக்காங்க.’ ‘கையெழுத்துப் போடற சார் லீவு.’ ஒரு பெரிய நிறுவனம் (பேர் வேண்டாம்) நாங்கள் அனுப்பிய சரக்கை மெஷினில் மாட்டி, விற்று, அதற்கு உரிய பணத்தையும் வாங்கிவிட்டு, எங்கள் பில்லை மட்டும் அரை வருடம் வைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் நிதி நிர்வாகம் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். பிரமாதம்தான், எங்கள் பணத்தில்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் ஒப்பந்தம் எப்படி எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். 45 நாளைத் தாண்டிய பாக்கியைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசுக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும். டிரெட்ஸ் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்து நமக்கு முன்கூட்டியே பணம் தரும். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். புகார் கொடுத்தால் பணமும் வரும். அடுத்த ஆர்டர் வராது. அதனால் எங்களில் பெரும்பாலோர் வாயைத் திறப்பதில்லை. உண்மையைச் சொன்னால், வருமான வரியில் கை வைத்த பிறகுதான் சில அக்கவுண்ட்ஸ் மேனேஜர்கள் மார்ச் மாதத்தில் அவர்களாகவே போன் பண்ண ஆரம்பித்தார்கள்.

தோற்றவர் ஒருவரைப் பற்றியும் பேச வேண்டும். தோற்றவர்களை யாரும் கல்லூரிக்கு அழைப்பதில்லை, மைக் கிடைப்பது பிழைத்தவனுக்குத்தான். வ.உ.சி.யை நாம் தியாகியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு நிமிடம் அவரைக் கம்பெனி புரொமோட்டராகப் பாருங்கள். 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு எடுக்கிறார். வாடகைக்குக் கப்பல் எடுத்தால், கப்பல்காரரையே மிரட்டி வாபஸ் வாங்க வைக்கிறது எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா. வ.உ.சி. சொந்தமாகவே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கிக் கொண்டுவருகிறார். அவர்கள் கட்டணத்தைக் குறைக்கிறார்கள், மேலும் குறைக்கிறார்கள், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே குடையும் தருகிறோம் என்கிறார்கள். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்கிறார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்படுகிறது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1912 டிசம்பரில்.

வ.உ.சி.யிடம் துணிச்சல் குறைவா? திட்டம் தப்பா? தேவை இல்லாத சரக்கா? மேடையில் நாங்கள் அடுக்குகிற எல்லா குணமும் அவரிடம் எங்கள் எல்லாரையும்விட அதிகமாக இருந்தது. இலவசமாகக் கப்பல் ஓட்டக்கூடிய எதிராளி இருக்கும்போது குணம் எவ்வளவு நாள் தாங்கும்? எதிர்க் கம்பெனியால் பல வருடம் நஷ்டத்தைத் தாங்க முடியும், அரசாங்கம் அவர்கள் பக்கம். இவருடைய பங்குதாரர்கள் அவர் சிறைக்குப் போனதும் பொறுக்கவில்லை. இன்றைக்கும் ஒரு பெரிய நிறுவனம் முதலீட்டாளர் பணத்தை வைத்துக்கொண்டு அடக்க விலைக்குக் கீழே விற்று எதிர்க் கடையை மூட வைப்பதைப் பார்க்கிறோம். குடைதான் இல்லை, கேஷ்பேக் தருகிறார்கள். சில தொழில்களில் நல்லவன் தோற்பான் என்பதையும் வணிகம் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இளமையிலேயே தொடங்கிவிட வேண்டும் என்று உங்களை அவசரப்படுத்துகிறவர்களுக்கு மதுரையைக் காட்டுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கும்போது வயது 58. கைவிரல்கள் முடக்குவாதத்தில் கோணியிருந்தன. கட்டணம் தரக்கூடியவர் தருவதை வைத்து, தர முடியாதவருக்கும் அதே சிகிச்சை என்ற ஏற்பாட்டை அங்கே நடத்திக் காட்டினார்கள். அங்கேயும் என் கேள்வியைக் கேளுங்கள்: பதில், குடும்பம். வீடு அடமானத்துக்குப் போனது, தங்கையும் தங்கை கணவருமாக மருத்துவம் படித்த குடும்பமே வந்து உழைத்தது.

உங்களில் எத்தனை பேர் படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறீர்கள்? கை தூக்க வேண்டாம். சிலர் தொடங்குவீர்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போவீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் இரண்டு மூன்று வருடம் ஒரு கம்பெனியில் வசூல் பிரிவில் வேலை பாருங்கள். மார்க்கெட்டிங் வேண்டாம், ஸ்ட்ராட்டஜி வேண்டாம். வசூல். ஸ்டாக்கிஸ்ட் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ‘நாளைக்கு வாங்க தம்பி’ என்பதை மூன்று வாரம் கேட்டு, நாலாவது வாரம் செக்கோடு வெளியே வருவது எப்படி என்று கற்றுக்கொண்டால் உங்கள் எம்பிஏ முழுமை பெறும். சின்ன வயதிலேயே வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள், ரங்கநாதனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். யாரிடம் கடன் வாங்கினாலும் சொன்ன தேதிக்கு முந்தின நாள் போன் செய்யுங்கள், பணம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். கடன் கொடுத்தவனுக்குப் பணம் வராததைவிடத் தாங்க முடியாதது, எடுக்காத போன்.

வேலைக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்தப் பேச்சுக்கு நான் சம்மதித்ததே அதற்காகத்தான்.

இந்த அரங்கத்தில் இருப்பவர்களில் நிறையப் பேர் இன்னும் சில வருடங்களில் ஏதாவது ஒரு பெரிய கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜராகவோ ஃபைனான்ஸ் மேனேஜராகவோ உட்காருவீர்கள். உங்கள் மேசைக்கு எங்கள் பில் வரும். பணத்தைத் தள்ளிக் கொடுத்தால் கம்பெனியின் ஒர்க்கிங் கேப்பிடல் விகிதம் அழகாகத் தெரியும், அந்தக் காலாண்டில் உங்களுக்குப் பாராட்டும் வரும். அதற்கான பாடத்தையும் உங்களுக்கு இங்கேயே நடத்தியிருப்பார்கள். அந்தப் பாடத்துக்கு மறுபக்கத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இருக்கிறது, கூலிக்காகக் காத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சப்ளையரின் பில்லில் உத்யம் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 45 நாளுக்குள் பாஸ் பண்ணுங்கள். கேள்வி இருந்தால் சரக்கு வந்த வாரமே கேளுங்கள், நாற்பத்து நாலாம் நாள் கேட்காதீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் உங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கடைசியில் கேட்பார்களே, அப்போது, ‘சின்ன சப்ளையர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற கம்பெனி உங்கள் சம்பளத்திலும் ஒரு நாள் தடுமாறும்.